தேநீருக்குப் பின் நான்கு நிமிடம்

ஓய்வு பெற்றவர்களை எழுதச் சொல்வதில் இரண்டு ஆபத்து உண்டு. அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று ஆரம்பிப்பார்கள்; ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். முதல் ஆபத்து என்னிடம் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருந்திருந்தால் எனக்கு யார் சம்பளம் கொடுத்திருப்பார்கள்? இரண்டாவதற்கு நான் பொறுப்பல்ல.

இதைப் படிக்கும் இளம் பொறியாளர்களே, நீங்கள் செய்யும் வேலைக்கு இப்போது நல்ல பெயரெல்லாம் வந்துவிட்டது. ஓடுகிற இயந்திரம் ஒன்று குறிப்பிட்ட ஓர் எல்லையைத் தாண்டாது என்பதை, புத்தகச் சமன்பாடுகளை மட்டும் நம்பாமல், அது ஓடிய பதிவுகளிலிருந்தே நிறுவிக் காட்டுவது. நான் இதை ஒரகடத்தில் செய்ய ஆரம்பித்தது இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில். அப்போது எங்கள் ஆலையில் இதற்குப் பெயர் கிடையாது. நான் கையில் ஒரு நைலான் குச்சியோடு அலைந்ததால் உற்பத்தி லைனில் இருந்தவர்கள் எனக்குத்தான் பெயர் வைத்தார்கள்: குச்சி மேடம்.

எங்கள் ஆலையில் கார்களுக்கான தகட்டு உறுப்புகள் செய்தோம். அதில் ஒரே மாதிரி மூன்று இயந்திரங்கள். ஆபரேட்டர் ஒரு தகட்டை மேடையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், இரும்புக் கரம் ஒன்று சுழன்று வந்து அதைக் கவ்விக்கொண்டு போகும். அதை ஆர்ம் என்போம். ஆபரேட்டருக்கும் ஆர்முக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகளால் ஆன ஒரு திரை. யாருடைய கையாவது அதைக் குறுக்கிட்டால் ஆர்ம் உடனே நின்றாக வேண்டும். அந்த ‘உடனே’ என்பது எவ்வளவு நேரம் என்பதுதான் நம் மாதிரி ஆட்களுக்குச் சோறு போடுகிற கேள்வி. நிற்க நேரமானால் திரையைத் தள்ளி வைக்க வேண்டும். சீக்கிரம் நிற்கும் என்றால் கிட்டே வைக்கலாம்.

இயந்திரத்தை விற்றவர்கள் திரையை ரொம்பவே தள்ளி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தகட்டையும் எக்கித்தான் வைக்க வேண்டும். இரண்டாவது இயந்திரத்தில் முருகேஸ்வரி நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தோளைத் தேய்த்துக் காட்டுவாள்.

“ஒரு சாண் கிட்ட வந்தாப் போதும் மேடம். சாயங்காலம் என் தலைய நானே சீவிக்கிடுவேன்.”

நிர்வாகத்துக்கும் அதுவே வேண்டும். தகட்டுக்கு இரண்டு விநாடி மிச்சமாகும் என்பது அவர்கள் ஆசை. தொழிலாளியும் நிர்வாகமும் ஒன்றையே கேட்கிற அதிசயம் என் சர்வீசில் அடிக்கடி நடந்ததில்லை. எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

முதலில் சமன்பாட்டில்தான் பிடிக்கப் பார்த்தேன். காற்றழுத்தம், பிரேக்கின் தேய்மானம், தகட்டின் எடை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். காகிதத்தில் நின்ற ஆர்ம் வேறாகவும் தரையில் நின்ற ஆர்ம் வேறாகவும் இருந்தன. சரி, அதனிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நைலான் குச்சி, ஒரு பதிவுப் பெட்டி. ஆர்ம் சுழலும்போது வெவ்வேறு கட்டத்தில் குச்சியைத் திரைக்குள் நீட்ட வேண்டும். எத்தனை நேரத்தில் நின்றது என்று பெட்டி காட்டும். நாங்கள் எதிர்பார்த்த அளவுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு. ஆபரேட்டர்களுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்களையே எடுக்கச் சொன்னேன். வேலைக்கு நடுநடுவே நாலு வாரம் எடுத்தார்கள்.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. ஒன்றுகூட விநாடியில் பத்தில் மூன்று பங்கைத் தாண்டவில்லை. அதை வைத்து எல்லை வகுத்தேன். அவ்வளவு அழகாக அமைந்தது. ரொம்ப அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள் என்று இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் மேலாளரின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அதனாலேயே எல்லோருக்கும் பயம். வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். புதன்கிழமை அவர் கேட்டார்: “மூணாவது மெஷின்ல மட்டும் திரையைக் கிட்ட நகர்த்தி ஓட்டிப் பாக்கலாமாம்மா?” நான் யோசிக்கவே இல்லை. “பாக்கலாம் சார்” என்றேன். அன்றே நகர்த்திவிட்டார்கள். வாயால் சொன்னது கையெழுத்து இல்லை என்று நினைத்திருந்தேன். இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வியாழக்கிழமை பிற்பகல், அறிக்கைக்கு ஒரு படம் போட்டுக்கொண்டிருந்தேன். நிற்கும் நேரத்தைக் கடிகார நேரத்தோடு சேர்த்துப் போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்று தோன்றியது. வேறு காரணம் இல்லை. கணினியில் புள்ளிகள் நிரம்பின. தேநீர் நேரத்தில் வெற்றிடம், அது சரிதான். மூன்றே காலுக்குத் தேநீர், மூன்றரைக்கு மணி அடிக்கும். ஆனால் புள்ளிகள் மூன்று முப்பத்து நாலுக்குத்தான் மறுபடி ஆரம்பித்தன.

நம் ஆட்கள் டீயை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன். காலைத் தேநீருக்குப் பிறகும் நாலு நிமிடம். சாப்பாட்டுக்குப் பிறகும் நாலு நிமிடம். வேறொரு நாளை எடுத்துப் பார்த்தேன், அதே நாலு. மூன்று இயந்திரத்திலும், எல்லா ஷிப்டிலும், ஏறக்குறைய அதே நாலு. அப்போதுதான் சிரிப்பு நின்றது. சோம்பேறித்தனம் என்றால் ஒரு நாள் இரண்டு நிமிடம் இருக்கும், இன்னொரு நாள் ஏழு இருக்கும். இவ்வளவு ஒழுங்கான சோம்பேறித்தனத்தை நான் எந்த ஆலையிலும் பார்த்ததில்லை. ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது, அதை யாரோ திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். என்னதான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பயத்தில் எழுந்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் வெறும் குறுகுறுப்பு.

நான் ஷெட்டுக்குள் போனபோது மூன்றே கால் மணி அடித்து எல்லோரும் தேநீருக்குக் கிளம்பியிருந்தார்கள். பராமரிப்பு பிட்டர் ஏழுமலை மட்டும் இரண்டாவது இயந்திரத்தின் அடியில் குந்தியிருந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஷிப்டுக்கு வருகிறவர்.

“இன்னா மேடம், டீ நேரத்துல வந்துகீறீங்க?”

டீ முடிந்ததும் நாலு நிமிடம் இங்கே என்ன நடக்கும் என்று கேட்டேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“நின்ன மெஷின் எழுந்துக்க வாணாமா? கால்மணி நேரம் சும்மா இருந்தா பிரேக்குக்குக் காத்து வுடுற வால்வு ஒட்டிக்கும். மொதல்ல ஒண்ணு ரெண்டு வாட்டி லேட்டா புடிக்கும். அப்பால சரியாப் பூடும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்?”

எல்லாருக்கும் தெரிந்தது. என் இரண்டாயிரம் பதிவுகளுக்கு மட்டும் தெரியாது. அப்படியானால் அந்தத் தாமதமான நிறுத்தங்கள் எங்கே போயின?

தேநீர்க் கூடத்தில் முருகேஸ்வரியைப் பிடித்தேன். பிரேக் தாமதமாகப் பிடித்த ரீடிங்கெல்லாம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

“செவப்பு எரிஞ்சதா? அத அழிச்சிட்டு மறுபடி எடுப்போம் மேடம். மூணாந்தடவ பச்ச வந்துரும்.”

“அழிக்கச் சொன்னது யாரு?”

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “நீங்கதான சொன்னிய. சரியா வராதத அழிச்சிட்டு மறுபடி எடுங்கன்னு.”

சொல்லியிருந்தேன். குச்சி சாய்ந்து போனால் பதிவு கெட்டுவிடும், அதை அழியுங்கள் என்ற அர்த்தத்தில் சொன்னேன். ஆனால் யாரிடம் சொன்னேன்? லைனில் வேலை பார்க்கிறவர்களிடம். அங்கே சேர்ந்த முதல் நாள் அவர்களுக்குக் கற்றுத்தரும் முதல் பாடம், கெட்ட பீஸை அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பாதே என்பது. சிவப்பு என்றால் சிவப்புத் தொட்டியில் போடு. அவர்கள் என் பதிவுகளையும் பீஸ் என்றே எடுத்துக்கொண்டு, கெட்டதையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்லதை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாலு நிமிட வெற்றிடம், அவர்கள் எறிந்த சிவப்புகள் இருந்த இடம். நாலு வாரம், மூன்று ஷிப்ட், ஒருவர்கூடத் தவறாமல். இவ்வளவு நேர்மையாக யாரும் என்னை ஏமாற்றியதில்லை.

என் முகத்தைப் பார்த்து அவள் சமாதானம் சொன்னாள். “நீங்க பயப்படாதிய மேடம். மொத பீஸுல நாங்க யாரும் கைய வைக்க மாட்டோம். டீ குடிச்சிட்டு வந்து வைக்கிற தகடு சரியா உக்காராது. தட்டி உக்கார வைக்கணும். அதுக்குள்ள ஆர்ம் கெளம்பிரும், கொஞ்சம் கூட வந்துதான் நிக்கும். அதனால கட்டைய வச்சுத்தான் தட்டுவோம். பெறகுதான் கை.”

சிவப்புத் தொட்டிக்குப் பின்னால் உடைந்த துடைப்பக் கட்டை ஒன்று எப்போதும் கிடக்கும். நான் அதைக் குப்பை என்றே நினைத்திருந்தேன். நான் வரையறுத்த பாதுகாப்பு என் கணக்கில் இல்லை. அந்தக் கட்டையில் இருந்தது.

“புதுசா வர்றவங்களுக்கு யார் சொல்லுவா?”

“நாங்கதான் மேடம் சொல்லிக்கொடுப்போம்.”

“மூணாவது மெஷின்ல இப்ப யாரு?”

“செல்வி. தென்காசிப் பிள்ள. இன்னைக்குக் காலையிலதான் பேக்கிங்ல இருந்து மாத்தி...” அவள் நிறுத்தினாள். “காலையில நான் கூட நின்னு பாத்தேன். சாப்பாட்டுக்குப் பெறகும் நான்தான் மொத பீஸு போட்டேன். கட்டையப் பத்தி அவகிட்ட... சொன்னனா, சொல்லலையா...”

மணி அடித்தது.

எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலி, காலில் கனத்த பாதுகாப்புக் காலணி. மூன்றாவது இயந்திரம் ஷெட்டின் மறுகோடியில். முருகேஸ்வரி எனக்கு முன்னால் ஓடினாள், “ஏ செல்வி, கைய எடு” என்று கத்திக்கொண்டே. கம்ப்ரசர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. செல்வி தகட்டை வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். தகடு ஒரு பக்கம் தூக்கி நின்றது. அதைத் தட்டிவிட அவள் கையை உயர்த்தினாள். முருகேஸ்வரி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். நான் அவசரப் பொத்தானைக் குத்தினேன். ஆர்ம் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

நாங்கள் தடுக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதுதான் சிக்கல். ஓடிப்போய் நிறுத்தியவளிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. லைன் மொத்தமும் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் பதறிப்போய், மேலாளர் வருவதற்குள் எல்லாம் சரியாக இருக்க வேண்டுமே என்று இயந்திரத்தை மறுபடி கிளப்பி இரண்டு மூன்று தடவை வெறுமனே ஓட்டினார்.

மேலாளர் வந்தார். “யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“யாரையும் கேக்கல சார். நான் குடுத்த டேட்டா தப்பு. திரையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகணும்.”

“காட்டுங்க.”

குச்சியை நீட்டினேன். பச்சை. இன்னொரு முறை. பச்சை. என் இரண்டாயிரம் பதிவுகள் சொன்னதையே இயந்திரம் மறுபடி சொன்னது. அவர் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நாலு வாரம் சரி சரி என்று சொன்னதும் நான்தான், இப்போது தப்பு என்று கத்துவதும் நான்தான். ‘சார், நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல’ என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். அந்த வாக்கியத்தின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முருகேஸ்வரிதான் பேசினாள், மேலாளரைப் பார்க்காமல் தரையைப் பார்த்து. “இப்பதான சார் ஓட்டுனாங்க. கால்மணி நேரம் சும்மா நிக்கணும்லா.”

ஒரு லைனைக் கால்மணி நேரம் வேண்டுமென்றே நிறுத்தி வைப்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலாளர் ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி. நிக்கட்டும்” என்றார். நான் என் வேலையில் பார்த்த பெரிய முடிவுகளில் அது ஒன்று. அவர் என்னை நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. நம்பாமலேயே காத்திருந்தார். நம்பிக்கை இருந்தால் யார் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

இதற்கிடையில் ஏழுமலை ஒரு வேலை செய்தார். செல்வியின் கையுறை ஒன்றை வாங்கி, இயந்திரம் துடைக்கிற பஞ்சை அதில் அடைத்து, குச்சியின் நுனியில் கட்டினார். “வெறுங்குச்சி போனா நம்பர்தான் தெரியும் மேடம். இப்டிப் போனா கண்ணுக்கே தெரியும்.”

பதினைந்து நிமிடம் ஆனது. தகட்டை வைத்தார்கள். பொத்தானை அழுத்தியதும், மனிதக் கை எவ்வளவு வேகமாகப் போகுமோ அதே வேகத்தில் ஏழுமலை குச்சியை நீட்டினார். ஆர்ம் வந்தது. நின்றது. சிவப்பு எரிந்தது. கையுறையின் நடு இரண்டு விரல்கள் ஆர்மின் கவ்விக்கும் மேடைக்கும் நடுவில் அப்பளமாக நசுங்கியிருந்தன.

மேலாளர் எழுந்து வந்து, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “திரையைப் பின்னால கொண்டுபோங்க” என்றார். என்னிடம், “உங்க கோபம் நியாயம்தான்மா” என்றார். நான் கோபப்பட்டதாக அவர் நினைத்திருக்கிறார். நான் போய் அவர் கவிழ்த்துப் போட்ட தொட்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு பெட்டிகளிலிருந்து அழிக்கும் பொத்தானைப் பிடுங்கினேன். வந்தது வந்தபடி அனுப்புங்கள், நம் வேலையில் கெட்ட பீஸுக்குத்தான் மதிப்பு என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் போய்ச் சொன்னேன். அவர்களுக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆனது. சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பார்கள். புதிதாக எடுத்ததில் புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன: ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம், ஓய்ந்திருந்த இயந்திரம். நான் ஒன்றாக நினைத்தது இரண்டு. கடைசியில், எப்போது நின்று கிளம்பினாலும் ஆர்ம் தானே நான்கு முறை வெறுமனே ஓடி நின்ற பிறகுதான் தகடு வைக்க விடும்படி மாற்றினோம். அதற்கும் பதிவு எடுத்து நிறுவிய பிறகுதான் திரை கிட்டே வந்தது. முருகேஸ்வரியின் தோளுக்கு நிம்மதி கிடைக்க மேலும் ஆறு மாதமாயிற்று. அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருக்கலாம்.

ஆகவே உங்கள் பதிவுகளைப் பார்க்கும்போது, என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பிறகு, யார் இதை எடுத்தார்கள், அவர்களுக்கு எதைக் கெட்டது என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். நடந்து போங்கள்.

அன்று மாலை நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் முடியும் நேரம் செல்வி என்னிடம் வந்து நின்றாள். நசுங்கிய கையுறையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். நடந்தது என்னவென்று யாரும் அவளுக்கு உட்காரவைத்துச் சொல்லியிருக்கவில்லை.

“மேடம், மாசத்துக்கு ஒரு சோடிதான் தருவாவ. கிழிச்சிட்டேன்னு ஏசுவாவ. நீங்க கொஞ்சம் சொல்லுதியளா?”

ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டோர்காரர் பழைய கையுறையை வாங்கிக்கொண்டு, படிவத்தில் எழுதியபடியே, தலை நிமிராமல் கேட்டார். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்கிற குரல்.

“எப்டிம்மா ஆச்சு?”

“மெஷின்ல மாட்டிக்கிட்டு.”

“கை உள்ள இருந்துச்சா?”

“இல்லண்ணே” என்றாள் செல்வி. “பஞ்சுதான் இருந்துச்சு.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.